அவசரம்: வருகை 78.6%, தேர்வு எழுத முடியாது என்கிறார்கள். கட்டின காசு திரும்பக் கிடைக்குமா?

பிறை_கவி
வணக்கம். ஒரு பாடத்தில் வருகை 78.6% என்று காட்டி, 80% இல்லாததால் இறுதித் தேர்வு எழுத முடியாது என்று நேற்று இரவு மின்னஞ்சல் வந்தது. ஆறு வகுப்புதான் போகவில்லை. இப்போதே அந்தப் பாடத்தை டிராப் செய்தால் (விட்டுவிட்டால்) காசு திரும்பக் கிடைக்குமா? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பாகான்_அக்கா
அரசா, தனியாரா? எத்தனையாவது வாரம்? கைக்காசா, பி.டி.பி.டி.என். (மலேசிய அரசுக் கல்விக் கடன்) கடனா? எதுவும் சொல்லாமல் எப்படிம்மா பதில் சொல்வது?

மூத்தவன்72
ஒவ்வொரு செமஸ்டரும் இதே கேள்வி. முதல் வாரம் கொடுத்த கையேட்டைத் திறந்து பார்த்திருந்தால் இந்த அழுகை வந்திருக்காது. 80% என்பது அரசாங்கச் சட்டம். ஒன்றும் செய்ய முடியாது.

செந்தூல்_தம்பி
சட்டம் இல்லை அண்ணே. உள்ளூர் மாணவர்களுக்கு அது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதி. வெளிநாட்டு மாணவர்களுக்குத்தான் விசா புதுப்பிக்கும்போது, மாணவர் விசாவைக் கவனிக்கும் இ.எம்.ஜி.எஸ். வருகையைப் பார்க்கும்.
கவி, எனக்கென்னவோ வருகையைப் பதியும் கியூ.ஆர். ஸ்கேன் பிரச்சினை என்றுதான் தோன்றுகிறது. எனக்கு அப்படித்தான் மூன்று வகுப்பு போனது. வகுப்பில் உட்கார்ந்திருந்தேன், சிஸ்டத்தில் இல்லை.

பிறை_கவி
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். தனியார், பினாங்கில் ஜார்ஜ்டவுன் பக்கம். 14வது வாரம் முடிந்துவிட்டது, தேர்வு பத்து நாளில். கடன்தான். ஸ்கேன் சரியாகத்தான் செய்தேன். ஒரு நாளுக்கு எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) இருக்கிறது, ஆனால் கொடுக்கவில்லை.

பாகான்_அக்கா
14வது வாரத்தில் டிராப் கிடையாது. காசு திரும்பும் டிராப் எல்லாம் பெரும்பாலும் முதல் ஓரிரண்டு வாரத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வித்ட்ரா செய்தால் (விலகினால்) மதிப்பெண் பட்டியலில் W வரும், மதிப்பெண் சராசரி குறையாது, ஆனால் காசு போனது போனதுதான். அதற்கும் கடைசி தேதி உண்டு.
தடை நீடித்தால் அந்தப் பாடத்தில் F, அதாவது தோல்வி. அடுத்த செமஸ்டர் மறுபடி எடுக்க, மறுபடி காசு கட்ட வேண்டும். சராசரி 2.00-க்குக் கீழே போனால் கடனின் அடுத்த தவணையும் நிற்கும். அதனால் காசு திரும்புமா என்பதை விடு, தடையை நீக்கப் பார். எந்த ஆறு வகுப்பு?

பிறை_கவி
லெக்சர் 2, டுடோரியல் 4. மூன்று கிரெடிட் பாடம். அதில் ஒரு டுடோரியல் தைப்பூசத்துக்கு முந்தின நாள், முருகனின் வெள்ளி ரதம் வந்த அன்று. பாலத்தைத் தாண்டி வரவே மணி பத்தரை.

மூத்தவன்72
தைப்பூசத்துக்குத்தான் பினாங்கில் விடுமுறை. முந்தின நாளுக்குக் கிடையாது.

தண்ணீர்மலை_வாசி
ரதம் பினாங்கு ஸ்ட்ரீட்டிலிருந்து கிளம்பினால் ஊரே சாலையில் நிற்கும். அன்று காலை வகுப்பு வைப்பதே தவறு. 2017-ல் தங்க ரதமும் வந்த பிறகு கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம்.

செந்தூல்_தம்பி
கோலாலம்பூரில் தைப்பூசத்துக்கே 2008-லிருந்துதான் விடுமுறை. அதற்கு முன்னால் என் அண்ணன் லெக்சரரிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்துவிட்டுத்தான் பத்துமலைக்குக் காவடி எடுத்தார். சொல்லிவிட்டுப் போனால் மதிப்பார்கள்.

தண்ணீர்மலை_வாசி
நம் திருநாளுக்கு நாம் ஏன் தம்பி அனுமதி கேட்க வேண்டும்?

பாகான்_அக்கா
அதை வேறு இழையில் பேசுங்கள், பிள்ளைக்குத் தேர்வு இருக்கிறது. கவி, வாரம் லெக்சர் இரண்டு மணி, டுடோரியல் ஒரு மணிதானே?

பிறை_கவி
ஆமாம் அக்கா.

பாகான்_அக்கா
அப்படியானால் இதைப் பார். 14 வாரத்துக்கு 28 வகுப்பு, நீ போனது 22. அதுதான் 78.6%. மணிக்கணக்கில் மொத்தம் 42. நீ விட்டது லெக்சருக்கு 4 மணி, டுடோரியலுக்கு 4 மணி. மீதி 34. 34/42 என்றால் 81%!
கையேட்டில் ‘வகுப்பு எண்ணிக்கை’ என்று இருக்கிறதா, ‘மணி நேரம்’ என்று இருக்கிறதா பார். மணி நேரம் என்றால் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, எம்.சி.யையும் வைத்து, நாளைக் காலையிலேயே துறைத் தலைவரை நேரில் பார். மின்னஞ்சலை நம்பிக் காத்திருக்காதே. அப்படியே நிதிப் பிரிவிலும் கேட்டுக்கொள், பாக்கி ஏதாவது இருந்தால் எக்ஸாம் ஸ்லிப் (தேர்வு அனுமதிச் சீட்டு) வராது.

மூத்தவன்72
நானும் கையேட்டைப் பார் என்றுதான் சொன்னேன்.

பிறை_கவி (மூன்று நாள் கழித்து)
மணி நேரம் என்றுதான் இருந்தது. தடையை நீக்கிவிட்டார்கள். எம்.சி. தாமதம் என்று வாங்கவில்லை. ஸ்லிப் வந்துவிட்டது. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ரொம்ப நன்றி அக்கா, படிக்கப் போகிறேன்.

ஈப்போ_ரோடு_மலர்
அக்கா, என் தம்பி படிக்கும் இடத்தில் லெக்சருக்குத் தனியாக 80, டுடோரியலுக்குத் தனியாக 80 கேட்கிறார்கள். அவனுக்கு டுடோரியல் 71தான். அதற்கு வழி இருக்கிறதா?

பாகான்_அக்கா
எத்தனையாவது வாரம்?