இன்ஸ்டன்ட் பிலிம்: 'துலங்குதாள்' எனலாமா?

> 'உடனடிப் படச்சுருள்' போதுமே, புதிய சொல் எதற்கு?

ஐயா, வணக்கம்.

இன்ஸ்டன்ட் பிலிம் என்றால் எடுத்ததும் கேமராவிலிருந்தே படமாக வெளிவருவது; இன்ஸ்டாக்ஸ், போலராய்டு இரண்டும் அதன் பிராண்டுகள். அதில் சுருள் இல்லையே. இன்ஸ்டாக்ஸ் மினிப் பெட்டியில் இருப்பவை 10 தனித்தனித் தாள்கள், போலராய்டில் 8. 'உடனடி'யும் ஒட்டவில்லை. இன்ஸ்டாக்ஸ் தெளிய ஒன்றரை நிமிடம் பிடிக்கும், போலராய்டு வண்ணப்படத்துக்குக் கால் மணி நேரம்கூட ஆகும். படம் நன்றாக வருவதும் கெடுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

என் பரிந்துரை: துலங்குதாள்.

இருட்டறையில் பிலிமை நாம் துலக்குகிறோம் (டெவலப் செய்கிறோம்), பிறவினை. இங்கோ தாளின் ஓரத்திலேயே வேதிப்பசை அடைத்த சிறு பை இருக்கிறது. கேமராவின் இரண்டு உருளைகள் அதை நசுக்கி, பசையை அடுக்குகளுக்கு நடுவே சீராகப் பரப்புகின்றன. அதன்பின் படம் தானாகவே துலங்குகிறது. தன்வினை! வினைத்தொகை ஆனதால் துலங்கிய தாள், துலங்குகின்ற தாள், இனித் துலங்கும் தாள் மூன்றும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

படம் துலங்க நேரம் வேண்டும் என்பதை நினைவூட்டுவதால், டெல்லியில் படம் எடுப்பவர்களுக்கு இந்தச் சொல் மிகவும் உதவும். இன்ஸ்டாக்ஸுக்கு உகந்த வெப்பநிலை 5 முதல் 40 டிகிரி. போலராய்டுக்கு 13 முதல் 28 தான். ஜனவரி இரவில் இந்தியா கேட் பக்கம் எடுத்தால் படம் வெளிறி நீலம் பாயும். வெளியே வந்ததுமே கோட்டுக்குள், உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். மே மாதம் லோதி தோட்டத்தில் மஞ்சளோ சிவப்போ ஏறும். நிழலில் வைத்துத் துலங்க விடுங்கள். போலராய்டு என்றால் வந்த கையோடு கவிழ்த்து, வெளிச்சம் படாமல் காக்க வேண்டும். கல்யாண வீடுகளில் எல்லோரும் உதறுகிறார்களே, அது வேண்டவே வேண்டாம்: உள்ளே பசை இன்னும் ஈரமாக இருக்கிறது. படத்துக்குப் படம் ஒரே மாதிரிப் புள்ளிகள் விழுந்தால் உருளையில் பசை காய்ந்திருக்கும். ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்தபின் போடுங்கள்.

> தாள் என்றால் காகிதம் ஆகிவிடாதா? மேலே இருப்பது பிளாஸ்டிக்.

நியாயமான கேள்வி, அக்கா. ஆனால் நெல்தாளும் தாள்தான். காகிதம் வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்த சொல். 'தகடு' என்றால் உலோகம் கண்முன் வந்துவிடுகிறது, மெல்லியது என்ற எண்ணமே வராது. 'படலம்' பொருளில் சரி, கடையில் போய்க் கேட்க வராது.

இதோடு 'பசைப்பை', 'துலங்குநேரம்' இரண்டையும் சேர்த்தே முடிவு செய்யலாம். ரோலருக்கு உருளையே போதும்.