மான்ஸ்டர் முடித்தாயிற்று, அடுத்து எதைப் பார்ப்பது?

மழைக்கோழி:
மான்ஸ்டர் என்கிற ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரின் 74 எபிசோடும் பார்த்து முடித்துவிட்டேன். இப்போது எந்த அனிமேயைப் போட்டாலும் பத்து நிமிடத்துக்கு மேல் மனசு ஒட்ட மாட்டேன் என்கிறது. இதற்கு முன் பிடித்தவை ஸ்டைன்ஸ் கேட் (முதல் பாதி மெதுவாகப் போகிறது என்று எல்லோரும் புலம்புகிறார்கள், எனக்கு அந்தப் பாதிதான் ரொம்பப் பிடித்தது), அப்புறம் டெத் நோட், அதுவும் 25ஆவது எபிசோட் வரைக்கும்தான்.

"மான்ஸ்டர் மாதிரி" என்று தேடினால் எல்லாப் பட்டியலும் டெத் நோட், கோட் கியாஸ், சைக்கோ-பாஸ் என்று ஒரே வரிசையில் வருகிறது. கோட் கியாஸ் கொஞ்சம் பார்த்தேன். கதாநாயகன் லெலூஷ் கெட்டிக்காரன்தான், ஆனால் ராட்சத ரோபோக்கள் மோதிக்கொள்ள ஆரம்பித்தால் என் கை தானாகப் போனுக்குப் போய்விடுகிறது. பள்ளிக்கூடக் கதை வேண்டாம், வளர்ந்த மனிதர்கள் வேண்டும், நிதானமாகப் போனாலும் சரி. ஸ்பாய்லர் இல்லாமல் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.

நள்ளிரவு ரயில்:
முதலில் அந்தப் பட்டியல்களை மூடி வையுங்கள். டெத் நோட்டையும் மான்ஸ்டரையும் ஒரே கூடையில் போடுவதற்குக் காரணம் இரண்டையும் மேட்ஹவுஸ் என்கிற ஸ்டுடியோ எடுத்தது, இரண்டிலும் ஒரு கொலைகாரனைத் துரத்துகிறார்கள், அவ்வளவுதான். டெத் நோட்டில் கொலைகாரன் லைட் அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பதை அவன் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்து கேட்கிறோம். மான்ஸ்டரில் கொலைகாரன் யோஹான் மண்டைக்குள் நம்மை விடுவதே இல்லை. அவன் வந்துபோன இடத்தில் மிச்சம் இருப்பவர்களைத்தான் பார்க்கிறோம். பல எபிசோடுகளில் ஆளே வர மாட்டான், ஆனாலும் பயமாக இருக்கும்.

எனவே எழுதியவரைப் பிடித்துப் போவதுதான் பத்திரமான வழி. மான்ஸ்டரை எழுதிய நவோகி உராசவாவின் புளூட்டோ 2023இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மொத்தம் எட்டே எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் போல. ரோபோ என்று கேட்டதும் ஓடிவிடாதீர்கள், இது நீங்கள் பயப்படுகிற ரோபோ கதை இல்லை. ஒசாமு தெசுகாவின் ஆஸ்ட்ரோ பாய் மாங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) வரும் ஒரு பகுதியை எடுத்து, ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலில் வேலை செய்யும் ஒரு துப்பறிவாளர் பக்கமாக நின்று உராசவா திரும்பச் சொல்கிறார். அந்தத் துப்பறிவாளர் கெஸிஷ்டே ஒரு ரோபோதான். உலகத்தின் மிகப் பலமான ரோபோக்கள் ஒவ்வொன்றாக அழிக்கப்படுகின்றன, யார் செய்கிறார்கள் என்று அவர் தேடிப்போகிறார். முதல் எபிசோடில் போரிலிருந்து திரும்பிய ஒரு ரோபோ, கண் தெரியாத, யாரையும் அண்டவிடாத ஒரு இசையமைப்பாளர் வீட்டில் வேலைக்குச் சேருகிறது. எனக்குப் பியானோ வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று அது கேட்கும். அந்தப் பகுதிக்குப் பிறகும் இது ரோபோ சண்டைக் கதை என்று உங்களுக்குத் தோன்றினால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவருடைய மாஸ்டர் கீட்டனும் இருக்கிறது, 1998இல் வந்தது, மான்ஸ்டரை இயக்கிய மசாயுகி கோஜிமாவே இயக்கியது. 39 எபிசோட். காப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் ஒருவர், உள்ளூர ஒரு தொல்லியல் பைத்தியம், பழைய ராணுவ ஆள். பெரும்பாலும் எபிசோடுக்கு ஒரு கதை, எல்லாம் ஒரே தரத்தில் இருக்காது.

இயக்குநர் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் மாட்டிக்கொள்வீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே கோஜிமாதான் மேட் இன் அபிஸும் எடுத்தார். நல்ல தொடர்தான், ஆனால் படத்தைப் பார்த்துக் குழந்தைகள் கதை என்று நம்பி உட்கார்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சுண்டல் பொட்டலம்:
சைக்கோ-பாஸை ஏன் இப்படி ஒதுக்குகிறீர்கள் ப்ரோ? முதல் சீசன் 22 எபிசோட் (2012), ஒரு நகரமே மனிதர்களின் குற்ற மனநிலையை எண்ணில் அளந்து பார்த்து, எண் கூடினால் ஆளைத் தூக்கிவிடுகிறது. வில்லன் மகிஷிமா என்ன கொடூரம் செய்தாலும் அந்த எண் ஏறவே ஏறாது. அங்கேயும் யோஹான் மாதிரி ஒரு ஆள்தான், பார்க்க அழகு, பேச்சு மென்மை. பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கு வரும், ஆனால் அது பள்ளிக்கூடக் கதை இல்லை. முதல் சீசனோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இரண்டாவது சீசனை எழுதியது வேறு ஆட்கள், தெரிந்துவிடும்.

நள்ளிரவு ரயில்:
மகிஷிமாவும் யோஹானும் தூரத்திலிருந்து பார்த்தால்தான் ஒன்று. மகிஷிமா வாயைத் திறந்தால் புத்தகம் புத்தகமாக மேற்கோள் காட்டித் தன் கட்சியை விளக்குவான். யோஹான் விளக்க ஆரம்பித்திருந்தால் மான்ஸ்டர் 20 எபிசோடில் முடிந்திருக்கும். தொடர் மோசம் என்று நான் சொல்லவில்லை, கேட்டவர் கேட்டது இது இல்லை.

தெருமுனை:
ஆட் டாக்ஸி. 2021, 13 எபிசோட். எல்லோரும் விலங்குகள், கதாநாயகன் ஓடோகாவா 41 வயது வால்ரஸ், அதாவது பெரிய தந்தம் நீட்டிக்கொண்டிருக்குமே அந்தக் கடல் விலங்கு, டோக்கியோவில் இரவு டாக்ஸி ஓட்டுகிறார். ஒரு மாணவி காணாமல் போகிறாள், அவள் கடைசியாக ஏறியது இவர் வண்டியில் என்று போலீஸ் மோப்பம் பிடிக்கிறது. வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லாம் சும்மா பேசிக்கொண்டு வருவதாகத்தான் தோன்றும். நாலாவது எபிசோடில் கதையை அப்படியே விட்டுவிட்டு, போன் கேமில் பணத்தைக் கொட்டுகிற ஒரு ஆபீஸ்காரரின் வாழ்க்கையை முழுக்கச் சொல்வார்கள், இது எதற்கு இங்கே என்று கேட்பீர்கள். கேளுங்கள். பதில் வரும்.

மழைக்கோழி:
ஆட் டாக்ஸி போஸ்டர் பார்த்துச் சின்னப் பசங்களுக்கானது என்று தாண்டிப் போயிருக்கிறேன். குறித்துக்கொண்டேன்.

எனக்கு மான்ஸ்டரில் எது பிடித்தது என்று யோசித்துப் பார்த்தால், சத்தியமாக யோஹான் இல்லை. யோஹானைத் தேடி அலைகிற டாக்டர் டென்மா துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ளப் போவாரே, அந்தப் பழைய கூலிப்படை ஆளும் அவர் வளர்க்கிற பர்மியச் சிறுமியும், அப்புறம் பத்திரிகையாளர் கிரிம்மர். காற்றில் விரலால் டைப் அடித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஞாபகம் வைக்கிற போலீஸ் துப்பறிவாளர் லுங்கேயும்கூட. டென்மா ஒரு ஊருக்குப் போகிறார், யாரோ ஒருவர் வாழ்க்கையில் ரெண்டு நாள் இருக்கிறார், கிளம்பிவிடுகிறார். அதுதான்.

பனைமரத்தடி:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் யாரும் சைக்கோ-பாஸ் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியது முஷிஷி. கொலை இல்லை, துரத்தல் இல்லை, வில்லனும் இல்லை, எந்தப் பட்டியலிலும் மான்ஸ்டர் பக்கத்தில் இது வராது, ஆனால் நீங்கள் சொன்ன அந்தக் கடைசி வரி அப்படியே இதுதான். கிங்கோ என்று ஒருவர், மலைக்கிராமம் மலைக்கிராமமாக நடக்கிறார். முஷி என்பவை கண்ணுக்குத் தெரியாத ஒருவகை உயிர்கள், நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை, அவை மனிதர்கள்மேல் பட்டால் ஏதாவது ஆகிவிடுகிறது. அவர் வைத்தியர் மாதிரி போய்ப் பார்க்கிறார். சில சமயம் சரியாகும், சில சமயம் ஆகாது, அந்த வீட்டுக்காரர்கள் அதோடு வாழப் பழகிக்கொள்வார்கள். டென்மாவால் ஓர் இடத்தில் தங்க முடியாது, போலீஸ் தேடுகிறது. கிங்கோவாலும் முடியாது, அவர் தங்கினால் அங்கே முஷி வந்து குவிந்துவிடும். முதல் சீசன் 26 எபிசோட், 2005இல் ஆரம்பித்தது, அடுத்தது 2014இல் வந்தது. வரிசையாகப் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே மூச்சில் மட்டும் பார்க்காதீர்கள், தூக்கம் வரும், தொடர்மேல் பழி போடுவீர்கள்.

சுண்டல் பொட்டலம்:
த்ரில்லர் கேட்டவருக்கு முஷிஷியா 😂 அடுத்து நட்சுமே என்கிற அமைதியான தொடரையும் சொல்லுங்கள்.

பனைமரத்தடி:
அவர் த்ரில்லர் என்று எங்கே கேட்டார், மேலே போய்ப் படியுங்கள். நட்சுமே சொல்ல மாட்டேன், அதில் பள்ளிக்கூடம் இருக்கிறது.

நள்ளிரவு ரயில்:
முஷிஷிக்கு என் ஓட்டும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம், வைக்கிங் காலத்துக் கதையான வின்லாண்ட் சாகா, குறிப்பாக 2023இல் வந்த இரண்டாவது சீசன். முதல் சீசனில் வாளும் ரத்தமும் பழிவாங்கலும் நிறைய, அது பிடித்து வந்த ஆட்களில் பாதிப் பேர் இரண்டாவதில் ஒரு பண்ணையில் மரம் வெட்டுவதையும் கோதுமை விதைப்பதையும் பார்த்துக் கோபித்துக்கொண்டு போனார்கள். உங்களுக்கு அதுதான் பிடிக்கும். ஆளைக் கொன்ற கை இனி என்ன செய்வது என்கிற கேள்வியை அது 24 எபிசோடுக்கும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. டென்மா துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அலைந்ததும் அந்தக் கேள்வியோடுதானே. முதல் சீசனைத் தாண்டிக் குதிக்க முடியாது, அதில் வரும் கூலிப்படைத் தலைவன் அஸ்கெலாடுக்காகவாவது பாருங்கள்.

மழைக்கோழி:
சரி, ஆட் டாக்ஸி முதலில், ஏனென்றால் சின்னது. நடுவில் தூங்கப் போகும் முன் ஒவ்வொரு முஷிஷி. புளூட்டோ அதற்கப்புறம். ஆட் டாக்ஸி என்று தேடினால் ஒரு படமும் காட்டுகிறதே, அதைப் பார்த்தால் போதுமா?

தெருமுனை:
வேண்டாம். அந்த 2022 படம் தொடரையே வெட்டி ஒட்டி, கடைசியில் கொஞ்சம் புதிதாகச் சேர்த்தது. 13 எபிசோடையும் பார்த்த பிறகு வேண்டுமானால் போடுங்கள். இன்னொன்று, அந்தத் தொடர் பற்றி எங்கேயும் எதையும் படிக்காதீர்கள், வீடியோ கமென்ட்டில்கூட எழுதி வைத்திருப்பார்கள்.