மறு: கலைச்சொல் தேவை – மாறுவேட ஹெல்மெட்டுக்கு என்ன பெயர்?

திருவாரூர் ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 23 தேசிய விண்வெளி நாள். 2023-இல் சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நாள் அது. அன்றைக்கு எங்கள் பள்ளியில் மாறுவேடப் போட்டி. வீட்டில் கிடக்கும் பொருள்களைக் கொண்டே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் விண்வெளி வீரர் ஹெல்மெட் செய்துகொள்ள ஒரு சிறு கையேடு தயாரிக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். செய்முறை முடிந்தது, தலைப்புதான் நிற்கிறது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பொருள் தெரிந்தால்தானே பெயர் வைக்க முடியும். பிள்ளையின் தலைச் சுற்றளவை நூலால் அளந்து, அதைவிட ஐந்தாறு செ.மீ. கூடுதலாகப் பலூனை ஊத வேண்டும். மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசையில் செய்தித்தாள் கீற்றுகளை நனைத்து ஒட்ட வேண்டும். ஒரு அடுக்கு தமிழ்ப் பத்திரிகை, அடுத்த அடுக்கு ஆங்கிலப் பத்திரிகை என்று மாற்றி ஒட்டினால் எங்கே விட்டுப்போனது என்று பிள்ளைகளுக்கே தெரியும். நான்கு அடுக்காவது வேண்டும். நிழலில்தான் காய வைக்க வேண்டும், வெயிலில் பலூனுக்குள் காற்று விரிந்து வெடித்துவிடும். காய்ந்தபின் பலூனை எடுத்துவிட்டு, தலை நுழையக் கீழ்ப்பக்கமும் முகம் தெரிய முன்பக்கமும் வெட்டி, உள்ளே பழைய ஸ்பாஞ்ச் வைத்து, வெள்ளை பெயின்ட் அடித்தால் சரி. முகத்துக்கு நேரே எதையும் ஒட்டி மூடக் கூடாது, மூச்சு முட்டும். புத்தக பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்ப்பார்கள். அது நஞ்சு, தலையில் போடும் பொருளுக்கு ஆகவே ஆகாது.

'தலைக்கவசம்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 'தலைக்கவசம் உயிர்க்கவசம்' என்ற வாசகத்தைப் பிள்ளைகள் தினமும் சாலையில் படிக்கிறார்கள். பாதிப் பேர் அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வருபவர்கள். உயிரைக் காக்கும் ஒன்றுக்கும், மழையில் நனைந்தால் கூழாகிவிடும் ஒன்றுக்கும் ஒரே பெயர் வைக்கலாமா? வேறு சொல் தாருங்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, நல்ல கேள்வி. 'கவசம்' வடசொல் என்பதால் அதை விடுவது எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி. நம்மிடம் 'மெய்ம்மறை' இருக்கிறது. பதிற்றுப்பத்து சேர மன்னனைச் 'சான்றோர் மெய்ம்மறை' என்று விளிக்கும். அங்கே சான்றோர் என்றால் வீரர். வீரர்க்குக் கவசமாக முன்னிற்பவன் என்று பொருள். மெய்யை மறைப்பது மெய்ம்மறை என்றால் தலையை மறைப்பது தலைமறை.

இன்னொன்றும் உண்டு. முல்லைப்பாட்டில் பாசறை காக்கும் யவனர் 'மெய்ப்பை புக்க' தோற்றத்தினர். சட்டைதான் மெய்ப்பை. உடல் புகுவது மெய்ப்பை என்றால் தலை புகுவது 'தலைப்பை'. இரண்டில் எதை எடுத்தாலும் சங்கச் சான்று இருக்கிறது.

சென்னை, மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

ஐயா, தலைமறை என்றதும் பிள்ளைகளுக்குத் 'தலைமறைவு'தான் நினைவுக்கு வரும். நாளிதழில் 'குற்றவாளி தலைமறைவு' என்று வாரந்தோறும் வருகிறதே. பை என்றால் அவர்களுக்குப் புத்தகப் பை. தலைப்பையைப் படித்துவிட்டு எதையோ தைக்கப் போவார்கள்.

என் கருத்து, ஹெல்மெட் என்றே இருக்கட்டும். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கையும் தொல்காப்பியரே செய்யுளுக்கு ஒப்புக்கொண்டார். எட்டுப் பக்கக் கையேட்டுக்கு நாம் ஏன் அவரைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டும்? 'அட்டை ஹெல்மெட்' என்று போட்டால் கடைசி பெஞ்சுப் பையனுக்கும் புரியும்.

யாழ்ப்பாண அன்பர்:

ஆசிரியை எழுதிய செய்முறையில் அட்டையே இல்லையே! செய்தித்தாள்தான் இருக்கிறது. அட்டை என்றால் இரத்தம் உறிஞ்சும் பூச்சியும்தான். எங்கள் பக்கம் 'கடதாசி' என்போம். அது போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல், காகிதம் பாரசீக வழி வந்தது. தூய தமிழ் வேண்டுமென்றால் 'தாள்'. அதுவும் முதலில் நெல்லின் தண்டைக் குறித்தது. ஆகத் தூய்மையை அளவுகோலாக வைத்தால் செய்பொருளின் பெயரிலேயே வேலை நின்றுவிடும்.

இன்னொரு திருத்தம். இதைக் 'காகிதக்கூழ் வேலை' என்று கையேட்டில் எழுதிவிடாதீர்கள். கூழ் என்பது தாளை ஊறவைத்து அரைப்பது. கொலுப் பொம்மை செய்பவர்களின் முறை அது. இங்கே கீற்றுக் கீற்றாக ஒட்டுகிறோம். 'தாள் அடுக்கு' என்று சொன்னால் சரியாக இருக்கும்.

காஞ்சிபுரம், கூத்து ஆர்வலர்:

வீட்டில் செய்து தலையில் கட்டும் வேடப் பொருளுக்குச் சங்கப் பாடல் வரை போக வேண்டாம். எங்கள் ஊர்ப் பக்கம் கூத்தில் கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை மரத்தில் செய்து, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டுவார்கள். இரவு முழுக்க ஆட வேண்டும் என்பதால் கனமில்லாத மரம். அந்தக் 'கட்டை'யை வைத்தே கட்டைக்கூத்து என்ற பெயரும் வந்தது. திருவாரூர் டீச்சர் செய்வதும் அதே வேலைதான்: பார்ப்பதற்குக் கனம், தூக்கினால் இலேசு. வேடம் 'கட்டுகிறோம்' என்கிறோம், ஆகவே 'தலைக்கட்டு'.

சென்னை, மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வசூலிக்கும் ஊர்களில் இந்தச் சொல் எடுபடாது, அண்ணா. 'எங்க வீட்டுல ரெண்டு தலைக்கட்டு' என்றுதான் பிள்ளை சொல்லும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'வேடம்' என்ற சொல்லை நண்பர் நினைவூட்டினார், நன்றி. பலர் இதை வடமொழி 'வேஷம்' என்று ஒதுக்குவார்கள். நான் உடன்படவில்லை. கூரை வேய்தல், பூ வேய்தல் என்கிறோம். முடி வேய்ந்தவன் வேந்தன் என்று சொல்லாய்வாளர் விளக்குவதுண்டு. வேய் என்றால் மேலே போர்த்து மூடுதல். அந்த வேரிலிருந்து வேடம் ஏன் வந்திருக்கக் கூடாது? மூங்கிலும் வேய்தான். கூரைக்கு மூங்கில், கூரையே வேய்வு, தலைக்குக் கூரை 'தலைவேய்வு'. இதைக் குழு கருத்தூன்றிப் பார்க்க வேண்டுகிறேன். வேந்தனின் முடியும் குழந்தையின் தாள் முடியும் ஒரே வேரில் நிற்பது எவ்வளவு பொருத்தம்!

திருவாரூர் ஆசிரியை:

ஐயா, படிக்கப் படிக்க இனிக்கிறது. ஆனால் தலைவேய்வு என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் பாதி வகுப்பு வேய்வை விளக்குவதிலேயே போய்விடும். நான் 'தலையணி' என்று சொல்லிப் பார்த்தேன், இரண்டு பிள்ளைகள் 'தலையணையா டீச்சர்?' என்றார்கள். 'தலைவேடம்' என்றால் நாடகத்தில் முதன்மை வேடம் என்று பொருள்படும். 'வேடமுடி' என்றால் டோப்பா. நாளை மறுநாள் வெள்ளி.

தஞ்சாவூர் அன்பர்:

ஊரில் இருக்கும் ஒன்றை யாரும் சொல்லவில்லையே! பொய்க்கால் குதிரை. கால் இல்லாத இடத்தில் கால்போல் நிற்பது பொய்க்கால். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை சொல்லும் பதினோர் ஆடலில் மரக்கால் ஒன்று. அது எதனால் செய்ததோ அதைச் சொல்கிறது. பொய்க்கால் அது எது இல்லையோ அதைச் சொல்கிறது. ஆசிரியையின் கவலை இரண்டாவது வகை. ஆகவே 'பொய்க்கவசம்'. காக்காது என்ற எச்சரிக்கை பெயரிலேயே இருக்கிறது. அடிக்குறிப்பே தேவையில்லை.

காஞ்சிபுரம், கூத்து ஆர்வலர்:

மிக நல்ல சொல். ஆனால் ஒரு குழந்தை நாள்கணக்கில் ஒட்டிக் காயவைத்துச் செய்ததை 'பொய்' என்று அழைக்க எனக்கு மனமில்லை.

சென்னை, மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்:

எனக்கு வேறு தயக்கம். ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4151-க்கு உட்படாத ஹெல்மெட்டுகளைச் சாலையோரத்தில் விற்கிறார்களே, உண்மையில் அவைதான் பொய்க்கவசங்கள். அந்தப் பொருளுக்கு இந்தச் சொல்லை விட்டுவைப்போம். 'போலிக் கவசம்' என்றாலும் இதே சிக்கல்தான், இலக்கணத்தில் போலி குற்றமில்லை என்று ஐயா சொல்லக்கூடும், சந்தையில் போலி குற்றம்.

மாறுவேடப் போட்டி என்ற சொல் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. அதையே பிடித்துக்கொண்டு 'வேடக்கவசம்' என்று வைக்கலாம். கவசம் இருப்பதால் வடிவம் புரியும், வேடம் இருப்பதால் வேலை புரியும்.

யாழ்ப்பாண அன்பர்:

வேடக்கவசத்துக்கு என் ஆதரவு. இதற்குமேல் தேடினால் கையேடு அடுத்த ஆண்டுக்குத்தான் வரும்.

காஞ்சிபுரம், கூத்து ஆர்வலர்:

நானும் ஒப்புகிறேன்.

திருவாரூர் ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. 'வேடக்கவசம்' என்றே கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் கட்டம் போட்டு இதையும் சேர்த்திருக்கிறேன்: 'வேடக்கவசம் மேடைக்கு மட்டும். வண்டியில் ஏறினால் உண்மையான தலைக்கவசம்.' இருசக்கர வாகனத்தில் வரும் 9 மாதம் முதல் 4 வயது வரையான குழந்தைகளுக்கும் அது கட்டாயம் என்று 2022-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. தம்பி தங்கைகளுக்காக அதையும் கீழே எழுதியிருக்கிறேன். 'தாள் அடுக்கு' அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

தஞ்சாவூர் அன்பர்:

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் கட்டம் போட்டு எச்சரிக்க வேண்டியிருக்கிறது என்பதே அந்தச் சொல்லில் எச்சரிக்கை இல்லை என்பதற்குச் சான்று. என் வாக்கு பொய்க்கவசத்துக்கே என்று மடலாடலில் பதிந்திருக்கட்டும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அதேபோல் தலைவேய்வும் பதிந்திருக்கட்டும். வேய் வேர் பற்றி இன்னும் சில சான்றுகள் சேர்ந்திருக்கின்றன, தனி இழையில் தொடங்குகிறேன்.