பூண்டி திறந்தால் மணலி புதுநகருக்கு எப்போது தண்ணீர் வரும்?

புதுநகர்வாசி:
தரைத்தளத்தில் இருக்கிறோம். மாமியார் படுத்த படுக்கை. இங்கே மழை விட்டு வெயில் அடிக்கிறது. ஆனால் பூண்டி ஏரியில் உபரிநீர் திறக்கிறார்கள், கரையோரத்தில் இருப்பவர்கள் பத்திரம் என்று எச்சரிக்கை வந்திருக்கிறது. ஏரி முழுசாக நிரம்பவில்லையாமே, அதற்குள் ஏன் திறக்கிறார்கள்? எதை வைத்து முடிவெடுப்பது?

காட்டுக்குப்பம் மீனவன்:
தங்கச்சி, நம்ம ஊர் வானத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. பூண்டி ஏரி இருக்கிற கொசஸ்தலை ஆற்றுக்கு ஆந்திரா நகரி பக்கமிருந்தும் தண்ணீர் வருகிறது. அங்கே அம்மப்பள்ளி அணை திறந்தால் அதுவும் பூண்டிக்குத்தான் வந்து சேரும். குடிநீருக்காக 1944-ல் கட்டிய ஏரி அது, கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. விநாடிக்கு 10,000 கன அடி வந்தால் ஒரு நாளுக்கு 864 மில்லியன் ஆச்சு. காலி ஏரியே நாலு நாளுக்குள் நிரம்பிவிடும். அதனால் முன்கூட்டியே திறப்பதை நான் குறை சொல்ல மாட்டேன்.

என் ஆதங்கமெல்லாம் இந்தக் கடைசியில். தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டு தாண்டி வருகிற தண்ணீர் எண்ணூர் முகத்துவாரம் வழியாகத்தான் கடலுக்குப் போகணும். அப்பா காலத்தில் படகு ஓட்டிய இடத்தில் இன்றைக்கு இறங்கி நடந்து வலை போடுகிறோம். காலை வைத்தால் முட்டி வரை அனல்மின் சாம்பல் சேறு. அதை வாரி ஆழப்படுத்தாமல் எச்சரிக்கை மட்டும் விட்டால் எப்படி? அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஏறுகிற ஓதம் வேறு சேர்ந்துவிட்டால் கடல் ஆற்றுத் தண்ணீரை உள்ளே வாங்காது, ஆறு ஊருக்குள் திரும்பும். பூண்டியில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதோடு ஓதத்தையும் பாருங்க.

வடபெரும்பாக்கம் தம்பி:
அக்கா, புழல் ஏரியையும் பாருங்க. முழு உயரம் 21.20 அடி. அதன் உபரிக் கால்வாய் எங்கள் ஊர், சடையங்குப்பம் வழியாக அதே எண்ணூர் பக்கம்தான் வருகிறது. 2015 வெள்ளத்தில் ரெண்டு பக்கத் தண்ணீரும் சூழ்ந்துகொண்டது.

புதுநகர்வாசி:
நாளை மறுநாள் அமாவாசை அண்ணா. மாமியாரை இன்றைக்கே தண்டையார்பேட்டை நாத்தனார் வீட்டு மாடிக்குக் கொண்டு போகிறோம்.

காட்டுக்குப்பம் மீனவன்:
நல்லது, இருட்டுவதற்குள் கிளம்புங்க. மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு கையோடு இருக்கட்டும். காலி சிலிண்டரை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டுப் போங்க, தண்ணீர் ஏறினால் முதலில் மிதப்பது அதுதான்.