ஐந்து ஆவணங்களைக் கால வரிசையில் வைக்க வேண்டும், எப்படி வைத்தாலும் தவறு என்கிறது (இன்றிரவு கடைசி)

மல்லிகைப்பந்தல் · இரவு 7.52
வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறேன். கம்யூனிட்டி காலேஜில் அமெரிக்க வரலாறு முதல் பாகம் ஆன்லைனில் படிக்கிறேன். இந்த வாரத் தேர்வில் ஐந்து ஆவணங்களைக் கால வரிசைப்படி இழுத்து வைக்கச் சொல்கிறார்கள். தேதியைப் பார்த்துத்தான் வைத்தேன், தவறு என்று வந்தது. மாற்றி வைத்தேன், மறுபடியும் தவறு. மூன்று வாய்ப்பில் இரண்டு போய்விட்டது. 11.59க்கு மூடிவிடுவார்கள். பேராசிரியருக்கு மத்தியானமே மின்னஞ்சல் போட்டேன், பதில் வரவில்லை. இந்தப் பாடம் எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், ப்ளீஸ். பையனைத் தூங்க வைத்துவிட்டு வருகிறேன்.

பொட்டிக்கடை · 7.58
போனில் செய்கிறீர்களா, லேப்டாப்பிலா? போனில் இழுத்தால் கடைசிப் பெட்டி நழுவி மேலே ஏறிக்கொள்ளும், நமக்குத் தெரியாது. எனக்குக் கணக்குப் பதிவியல் பாடத்தில் இப்படியே இரண்டு மதிப்பெண் போனது. லேப்டாப்பில் வேறு பிரவுசரில் திறந்து பாருங்கள்.

செம்மண் · 8.03
அக்கா, எந்த ஐந்து ஆவணங்கள் என்று சொல்லவே இல்லையே. முதல் முறை எந்த வரிசையில் வைத்தீர்கள், இரண்டாம் முறை எதை மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கடற்கரைக்காற்று · 8.06
எனக்குக் காரணம் தெரியும். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் பழைய நாட்காட்டி வைத்திருந்தார்கள். 1752 செப்டம்பர் 2, புதன்கிழமை. மறுநாள் வியாழக்கிழமை, தேதி 14. நடுவில் பதினோரு நாள் கிடையாது. எல்லாத் தேதியோடும் பதினொன்றைக் கூட்டி வையுங்கள், சரியாகிவிடும்.

பொட்டிக்கடை · 8.09
எல்லாவற்றோடும் பதினொன்றைக் கூட்டினால் வரிசை எப்படி மாறும்? ஐந்தும் சேர்ந்துதானே நகரும்.

நூலகவாசி · 8.15
இந்தப் பகுதியில் ஆறு வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பதற்கு முன் பாடத்தைப் படிக்க வேண்டும். வரலாறு என்பது தேதியை மனப்பாடம் செய்வதில்லை. ஒவ்வொரு ஆவணமும் என்ன சொல்கிறது என்று முழுதாகப் படித்திருந்தால் வரிசை தானே புலப்பட்டிருக்கும். கடைசி நாள் ராத்திரியில் விடை கேட்பது படிப்பு ஆகாது.

செம்மண் · 8.18
அவர் விடை கேட்கவில்லை ஐயா. தேதியைப் பார்த்து வைத்தும் ஏன் தவறு என்றுதான் கேட்கிறார்.

மல்லிகைப்பந்தல் · 8.34
மன்னிக்கவும், இப்போதுதான் தூங்கினான். லேப்டாப்பில்தான் செய்கிறேன். ஆவணங்கள் இவை. வர்ஜீனியாக் குடியேற்றத்தை நடத்திய வர்ஜீனியா கம்பெனி ஆளுநர் யார்ட்லிக்குக் கொடுத்த உத்தரவு, 1618 நவம்பர் 18. அங்கே குடியேறியிருந்த ஜான் ரால்ஃப் கம்பெனித் தலைவர் எட்வின் சாண்டிஸுக்கு எழுதிய கடிதம், 1619 ஜனவரி 20. வர்ஜீனியா மக்கள் கணக்கெடுப்பு, 1619 மார்ச் 20. ஜேம்ஸ்டவுன் முதல் பேரவை, 1619 ஜூலை 30. மேஃப்ளவர் ஒப்பந்தம், 1620 நவம்பர் 11.
முதலில் இதே வரிசையில் வைத்தேன். தவறு. நூலகவாசி சார், நான் படிக்காமல் இல்லை. ரால்ஃப் கடிதத்தில் ஆகஸ்ட் கடைசியில் ஆப்பிரிக்கர்களோடு ஒரு கப்பல் வந்ததாக இருக்கிறது. ஜனவரியில் எழுதும் கடிதத்தில் ஆகஸ்ட் எப்படி வரும் என்று யோசித்து, அதைப் பேரவைக்குக் கீழே இறக்கினேன். அதுவும் தவறு. இதோடு 200 சொல்லில் ஒரு கேள்வியும் உண்டு: அந்தக் கப்பலில் வந்தவர்கள் அடிமைகளா, பணியாட்களா?

பழையகாகிதம் · 8.47
அம்மா, இங்கே சென்னையில் காலை ஆறேகால். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 22 வருடம் கிழக்கிந்தியக் கம்பெனிக் காகிதங்களோடு இருந்தவன் நான். உங்கள் பட்டியலில் ஒன்று இடிக்கிறது. கடிதமும் 20ஆம் தேதி, கணக்கெடுப்பும் 20ஆம் தேதியா? உங்கள் தாளில் அந்த இரண்டு தேதிகளும் எப்படி அச்சாகியிருக்கின்றன? நீங்கள் புரிந்துகொண்டபடி வேண்டாம், கோடு புள்ளி எதையும் விடாமல் உள்ளபடியே எழுதுங்கள்.

மல்லிகைப்பந்தல் · 8.55
கடிதத்தில் 'ஜனவரி 1619/20'. கணக்கெடுப்பில் 'மார்ச் தொடக்கம், 1619/20'. 20 என்பது தேதிதானே ஐயா? மார்ச் தொடக்கம் என்றுவிட்டு 20 என்று போட்டிருக்கிறார்களே என்று எனக்கும் குழப்பமாகத்தான் இருந்தது.

பழையகாகிதம் · 9.11
அது தேதி இல்லை அம்மா. அது வருடம். 1619 அல்லது 1620 என்று படிக்க வேண்டும்.
1752க்கு முன் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25ஆம் தேதி. ஜனவரி 1 வந்தாலும் வருட எண் மாறாது. 1619 டிசம்பர் முடிந்ததும் 1619 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரை ஓடும். அப்புறம்தான் 1620. ரால்ஃப் தன் காலத்து வழக்கப்படி 1619 என்றே எண்ணினார். நம் கணக்கில் அது 1620 ஜனவரி. படிப்பவர் தடுமாறக் கூடாதென்றுதான் பதிப்பாளர்கள் கோடு போட்டு இரண்டு வருடத்தையும் காட்டுகிறார்கள். கம்பெனி ஏடுகளிலும் இதே கதைதான், ஜனவரி வந்தால் போதும், வருடத்தின் கடைசி இலக்கம் பின்னம் மாதிரி மேலொன்றும் கீழொன்றுமாக நிற்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதைப் பக்க எண் என்று நினைத்தேன்.
நமக்கு இது புதிதே இல்லை. நம் வருடம் சித்திரையில் பிறக்கிறது. ஆவணி முன்னால் வரும், தை பின்னால் வரும், இரண்டும் ஒரே வருடம். 1619–20 சித்தார்த்தி வருடம். சித்தார்த்தி ஆவணியில் கப்பல் வந்தது, சித்தார்த்தி தையில் அதைப் பற்றிக் கடிதம் போனது. உங்கள் பாட்டியிடம் கேட்டிருந்தால் இதில் என்ன சிக்கல் என்று கேட்டிருப்பார்.
ஆகவே கடிதத்தை மட்டும் இறக்கினால் போதாது, கணக்கெடுப்பையும் இறக்க வேண்டும். மார்ச் தொடக்கம், அதாவது 25க்கு முன். இனி நீங்களே வைத்துவிடுவீர்கள்.

கடற்கரைக்காற்று · 9.16
நாட்காட்டிதான் காரணம் என்று நான் முதலிலேயே சொன்னேனே.

பழையகாகிதம் · 9.24
கிட்டே வந்தீர்கள் தம்பி, ஆனால் அது வேறு வழக்கு. நாள் வித்தியாசம் ஒன்று, வருடப் பிறப்பு மற்றொன்று. 1752இல் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்ததால் எல்லோரும் ஒன்றாகவே நினைக்கிறோம். தவிர 1600களில் வித்தியாசம் பத்து நாள்தான். மேஃப்ளவர் ஒப்பந்தத்தின் நவம்பர் 11 புதுக் கணக்கில் 21. பதினொன்று என்பது 1700க்குப் பிறகு. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்த நாள் ஆங்கில ஏட்டில் செப்டம்பர் 10, பிரெஞ்சு ஏட்டில் 21. ஒரே கோட்டை, ஒரே நாள்.

செம்மண் · 9.29
ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தது 1731 பிப்ரவரி 11 என்று ஒரு இடத்திலும் 1732 பிப்ரவரி 22 என்று இன்னொரு இடத்திலும் பார்த்திருக்கிறேன். இரண்டு மாற்றமும் சேர்ந்ததால்தானா?

பழையகாகிதம் · 9.31
அதேதான்.

நூலகவாசி · 9.40
பெரியவர் சொல்வது சரி, ஒன்றைச் சேர்க்கிறேன். இதே மார்ச் கணக்கெடுப்பில் ஆய்வாளர்களே தடுக்கி விழுந்திருக்கிறார்கள். அதில் ஆப்பிரிக்கர் 32 பேர், ஆண்கள் 15, பெண்கள் 17. அதை நம் கணக்குப்படி 1619 மார்ச் என்று எடுத்துக்கொண்டு, ஆகஸ்ட் கப்பலுக்கு முன்பே வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள் என்று 1990களில் ஒரு கட்டுரை வந்தது. அது 1620 மார்ச் என்று பிறகு நிறுவினார்கள். முதல் பதிலில் கடுமையாகப் பேசிவிட்டேன், நீங்கள் ஆகஸ்டைக் கவனித்ததே பெரிய விஷயம்.
200 சொல் கேள்விக்கு, பணியாட்கள் என்று எழுதுங்கள். 1625 வர்ஜீனியா மக்கள் பட்டியலில் அவர்களைப் பணியாட்கள் வரிசையில்தான் சேர்த்திருக்கிறார்கள். அடிமைமுறைச் சட்டங்கள் 1660களில்தான் வருகின்றன. 1621இல் வந்த அந்தோனி ஜான்சன் விடுதலையாகி, 1651இல் 250 ஏக்கர் நிலம் பெற்றார்.

டர்பன்பேரன் · 9.58
நூலகவாசி ஐயா, இதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தா தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் போனவர். முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்து 1860 நவம்பரில் டர்பன் போய்ச் சேர்ந்தது, இவர் பின்னால் போனவர். அவருடைய பதிவின் நகல் எங்கள் வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, கிராமம், கப்பல், ஐந்து வருட ஒப்பந்தம். அடியும் பட்டினியும் நிறைய. ஆனாலும் முடியும் தேதி என்று ஒன்று தாளில் இருந்தது.
அந்த 1625 பட்டியலில் ஜேம்ஸ்டவுனில் ஒரு பெண் வருகிறார். ஆஞ்செலோ, நீக்ரோப் பெண், ட்ரெஷரர் கப்பல். அவ்வளவுதான். அதே பட்டியலில் ஆங்கிலேயப் பணியாட்கள் பலருக்கு வயதும் வந்த ஆண்டும் இருக்கின்றன. இவர்கள் யாரும் கையெழுத்துப் போட்டு ஏறியவர்கள் இல்லை. ஆப்பிரிக்காவின் லுவாண்டாவில் போர்ச்சுகீசியக் கப்பலில் ஏற்றப்பட்டு, மெக்சிகோவுக்குப் போகும் வழியில் கொள்ளையடிக்கப்பட்டவர்கள். ஆளுநரும் கம்பெனிச் சரக்கு அதிகாரியும் உணவுப் பண்டம் கொடுத்து வாங்கினார்கள் என்று ரால்ஃபே எழுதுகிறார். பண்டத்துக்கு மாற்றிய ஆளைப் பணியாள் என்பது எப்படிச் சரியாகும்?

நூலகவாசி · 10.07
சட்டத்தில் அடிமை என்ற நிலையே அப்போது வர்ஜீனியாவில் இல்லை என்கிறேன். உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் சொல்லைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும்.

டர்பன்பேரன் · 10.12
சட்டம் பின்னால் வந்தது, வழக்கம் முன்னால் இருந்தது. 1640இல் மூன்று பணியாட்கள் சேர்ந்து ஓடிப் பிடிபட்டார்கள். வெள்ளையர் இருவருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்தார்கள். மூன்றாமவர் ஜான் பஞ்ச், ஆப்பிரிக்கர். அவருக்கு ஆயுள் முழுக்க. 1662 அடிமைச் சட்டத்துக்கு 22 வருடம் முன்பு இது.

வங்கக்கடல் · 10.15
பேச்சு வந்ததால் சொல்கிறேன். 1635 வர்ஜீனியா நிலப் பட்டியலில் 'டோனி, கிழக்கிந்தியன்' என்று ஒரு பெயர் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழர்தான். அமெரிக்காவில் கால் வைத்த முதல் தமிழர், நம்மில் யாருக்கும் தெரியாது.

பழையகாகிதம் · 10.22
கிழக்கிந்தியன் என்பது வரைதான் தாளில் இருக்கிறது தம்பி. கோவாவோ, வங்காளமோ, அதற்கும் கிழக்கேயோ, எங்கிருந்தும் போயிருக்கலாம். ஊரை நாம் எழுதிச் சேர்க்கக் கூடாது. அவர் பெயர் அங்கே ஏன் வந்தது என்று பாருங்கள். ஆள் ஒன்றுக்கு 50 ஏக்கர், அழைத்து வந்தவருக்கு. மல்லிகைப்பந்தல் அம்மாவின் முதல் ஆவணம், 1618 உத்தரவு, ஆரம்பித்து வைத்த கணக்கு அது. டோனியால் நிலம் கிடைத்தது ஜார்ஜ் மெனிஃபீக்கு.

வங்கக்கடல் · 10.26
தமிழர் இல்லை என்பதற்கும் ஆதாரம் இல்லையே ஐயா.

செம்மண் · 10.31
இதைத் தனி இழையில் பேசலாமே. அக்காவுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். அக்கா, வரிசை போட்டீர்களா?

பொட்டிக்கடை · 11.05
மல்லிகைப்பந்தல், சமர்ப்பிக்கும் முன் பெட்டிகள் நின்ற இடத்தில் நிற்கின்றனவா என்று ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொன்னது லேப்டாப்பிலும் நடக்கும்.

மல்லிகைப்பந்தல் · 11.41
ஐந்தும் சரி! உத்தரவு, பேரவை, கடிதம், கணக்கெடுப்பு, மேஃப்ளவர். பழையகாகிதம் ஐயாவுக்கு ரொம்ப நன்றி, எல்லோருக்கும் நன்றி. பையன் எழுந்துவிட்டான்.

டர்பன்பேரன் · மறுநாள் காலை 6.20
நல்லது அம்மா. அந்த 200 சொல்லில் என்ன எழுதினீர்கள்?

நூலகவாசி · காலை 9.05
நானும் அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். டர்பன்பேரன், அந்த ஜான் பஞ்ச் தீர்ப்பை நேற்று ராத்திரி எடுத்துப் படித்தேன். வெள்ளையர் இருவருக்கும் நீட்டித்தது எசமானரிடம் ஒரு வருடம், காலனிக்கு மூன்று வருடம். அவருக்கு மட்டும் 'ஆயுள் உள்ளவரை'.