தலவாக்கலை, கொட்டகலைத் தொகுதிகள் எப்போது இல்லாமற்போயின?

வட்டகொடை வாசகர்:
1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளை நாடாளுமன்றம் சென்றார் என்பதை மலையக இலக்கியம் படிக்கும் எவரும் அறிவர். ஆனால் இன்று நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா-மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை என்னும் நான்கு தேர்தல் பிரிவுகளே உள்ளன. தலவாக்கலையும், கே. குமாரவேலு வென்ற கொட்டகலையும் பெயரளவிற்கூட இல்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தோடு இத்தொகுதிகளும் ஒழிக்கப்பட்டன என்று எங்கள் பக்கத்தில் பலர் கூறுகின்றனர். உயர்தர மாணவர்களுக்கு விளக்க வேண்டியிருப்பதால் கேட்கிறேன்: அது சரிதானா?

ஹட்டன் பழைய ஆசிரியர்:
சரியன்று, ஐயா. வாக்காளர்கள் நீக்கப்பட்டதும் தொகுதிகள் நீக்கப்பட்டதும் வெவ்வேறு காலங்களில் நடந்தவை. இடையே ஏறத்தாழப் பத்தாண்டுகள் உள்ளன.

சுதந்திரத்தையொட்டி வந்த சோல்பரி யாப்பின் (அரசியலமைப்பின்) கீழ் மாகாணங்களுக்கு ஆசனங்கள் ஒதுக்கப்பட்டபோது 75,000 பேருக்கு ஒன்று, ஆயிரம் சதுர மைலுக்கு ஒன்று என்பது கணக்கு. அப்போது தோட்ட மக்களும் எண்ணிக்கையில் சேர்ந்திருந்ததால், மலைநாட்டில் தோட்டங்கள் நிறைந்த தொகுதிகள் சில உருவாயின. அவற்றில் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸின் எழுவர் வென்றனர்: நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், அளுத்நுவரவில் டி. இராமானுஜம், பதுளையில் எஸ். எம். சுப்பையா. இந்த வெற்றியே அடுத்த சட்டங்களுக்கு உடனடித் தூண்டுதலாக அமைந்தது என்பது என் கருத்து.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பிரசாவுரிமையைப் பரம்பரையோடு பிணைத்து, தோட்ட மக்களிற் பெரும்பாலோரைப் பிரசைகளல்லாதோராக்கியது. அதனால் மட்டும் வாக்குரிமை போய்விடவில்லை. வாக்காளராக இருக்கப் பிரசையாக இருத்தல் வேண்டும் என்று 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் விதித்த பின்னரே தோட்ட மக்களின் பெயர்கள் இடாப்பிலிருந்து பெருந்தொகையாக நீங்கின. வாக்குரிமை கேட்டு இவ்விரு சட்டங்களையும் எதிர்த்துக் கோடகன்பிள்ளை தொடர்ந்த வழக்கு, அந்நாளைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் கோமறை மன்றம் (Privy Council) வரை சென்று 1953இல் தோற்றது. மாணவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்; பாடநூல்களில் ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை.

தொகுதிகளோ அப்படியே இருந்தன. 1952இலும் 1956இலும் தலவாக்கலை உறுப்பினர், கொட்டகலை உறுப்பினர் என்று சபையில் ஆட்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஆயினும் 1952இல் மலையகத் தமிழர் ஒருவரும் தெரிவாகவில்லை. புதிய எல்லை நிர்ணயத்தின்படி 1960 மார்ச்சில் தேர்தல் நடந்தபோதுதான் இரு பெயர்களும் நாடாளுமன்றப் பட்டியலிலிருந்து விழுந்தன.

கொத்மலைக்காரன்:
ஆசிரியர் ஐயா கூறியதோடு ஒன்று சேர்க்க வேண்டும், ஏனெனில் அநீதியின் நுட்பமான பகுதி அங்கேதான் இருக்கிறது. பெயர் நீக்கப்பட்ட பின்னும் அம்மக்கள் குடித்தொகைக் கணக்கில் நீடித்தார்கள். அவர்களால் மாகாணத்துக்குக் கிடைத்த ஆசனங்களை, வாக்குரிமை எஞ்சியிருந்த சிறு தொகையினரே தெரிவு செய்தனர். 1959ஆம் ஆண்டின் திருத்தமும் இதை மாற்றவில்லை: மாகாண ஆசனங்களுக்கு மொத்தக் குடித்தொகை, மாகாணத்துக்குள் எல்லை வகுப்பதற்குப் பிரசைகளின் தொகை என்று இரண்டு அளவுகோல்களை அது வைத்தது. பிரசைகள் குறைந்த தோட்டப் பிரதேசங்கள் அயல் தொகுதிகளுக்குள் கரைந்ததற்கு இந்த இரண்டாவது அளவுகோலே காரணம்.

வட்டகொடை வாசகர்:
இருவருக்கும் நன்றி. தலவாக்கலை, ஹட்டன் ஆகிய பெயர்கள் 1947க்கு முன்னரும் இருந்தனவா? மஸ்கெலியாவின் பெயர் மட்டும் தப்பியது எவ்வாறு?

ஹட்டன் பழைய ஆசிரியர்:
இருந்தன. நாடாளுமன்றத்துக்கு முன்னிருந்த டொனமூர் யாப்புக் காலத்து அரசாங்க சபைக்கு 1931இல் ஹட்டனிலிருந்து பெரி சுந்தரமும் தலவாக்கலையிலிருந்து எஸ். பி. வைத்திலிங்கமும் சென்றார்கள், 1936இல் ஹட்டனைக் கோ. நடேசய்யர் வென்றார்.

மஸ்கெலியாத் தொகுதி 1977 வரை தனித்து நின்றது. பின்னர் நுவரெலியாவுடன் இணைக்கப்பட்டு மூன்று உறுப்பினர் தொகுதியானது. அத்தகைய தொகுதியில் வாக்காளர் ஒருவருக்கு மூன்று வாக்குகள் உண்டு. மூன்றையும் ஒருவருக்கே அளிக்கலாம். சிறுபான்மையினர் ஒன்றுபட்டால் ஓர் ஆசனத்தையேனும் பெறுவதற்கு இம்முறை வழிவிட்டது. அவ்வாறே 1977இல் காமினி திசாநாயக்க, அநுர பண்டாரநாயக்க ஆகியோருக்கு அடுத்ததாகத் தொண்டமான் தெரிவானார். முப்பதாண்டுகளுக்குப் பின் வாக்குகளால் சபைக்குச் சென்ற முதலாவது மலையகத் தமிழர் அவரே. 1960இல் அவர் பெற்றிருந்தது நியமன ஆசனம்.

1978ஆம் ஆண்டின் யாப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்ததால், 1989 பொதுத் தேர்தலிலிருந்து உறுப்பினர்கள் மாவட்ட அடிப்படையில் தெரிவாகின்றனர். நீங்கள் குறிப்பிட்ட நுவரெலியா-மஸ்கெலியா இன்று வாக்காளர் இடாப்புக்கும் வாக்கெண்ணுவதற்குமான ஒரு பிரிவாகவே எஞ்சியுள்ளது.