வீட்டு வன்முறை பற்றிச் சிறுவர்களிடம் பேசும் ஆய்வு: பாதியில் நின்றுபோன ஒரு நேர்காணல்

கேள்வி | ஆய்வு மாணவி

வணக்கம். வீட்டில் நிகழும் வன்முறையைக் கண்டு வளரும் 10 முதல் 12 வயதுச் சிறுவர்களின் அனுபவங்களை முனைவர் பட்டத்திற்காக ஆராய்ந்து வருகிறேன். அறநெறிக் குழுவின் அனுமதியும் தாய்மார்களின் ஒப்புதலும் பெற்ற பிறகே களத்திற்குப் போனேன். முன்னோட்ட நேர்காணலில் ஒரு சிறுமி, “அப்பாவுக்குக் கோபம் வந்தால்...” என்று தொடங்கியவள், மேலே சொல்லாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் நான் அடுத்தடுத்த கேள்விகளுக்குப் போய்விட்டேன். அதன் பிறகு கேட்டதற்கெல்லாம் “ஆமாம்” என்றே சொன்னாள். அந்தப் பதில்களைத் தரவாகக் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்?

மறுமொழி 1 | கள ஆய்வாளர்

மனம் வராதது சரியே, அவற்றை விலக்கிவிடுங்கள். பெரியவர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்று பழக்கப்பட்ட பிள்ளை, பேச விரும்பாதபோதும் “வேண்டாம்” என்று சொல்வதில்லை, தலையாட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறது. தாயின் கையெழுத்து உங்களை வாசல்வரைதான் கொண்டுவந்து விடும். பிள்ளையின் இசைவை ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகப் பெற வேண்டும். 1989-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு அளிக்கிறது. அந்த உரிமையை, பிள்ளையைப் பேசவைப்பதற்கு நமக்குக் கிடைத்த அதிகாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் தொடக்கத்திலேயே ஒரு சிவப்பு அட்டையைக் கொடுத்து, பிடித்த நிறம் எது என்பது போன்ற சாதாரணக் கேள்வியின்போது அதைத் தூக்கிக் காட்டச் சொல்வேன். தூக்கியதும் கேள்வியைப் பாதியில் விட்டுவிடுவேன். தான் நிறுத்தச் சொன்னால் பெரியவர் நிறுத்துகிறார் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பிள்ளைக்கு அந்த அட்டையின் மேல் நம்பிக்கை வருகிறது.

மறுமொழி 2 | அறநெறிக் குழுவில் இருந்தவர்

“நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தீர்களா? பிள்ளைக்கு ஆபத்து எனத் தெரியவந்தால் தெரிவித்தே ஆக வேண்டும் என்று பல நாடுகளின் சட்டம் சொல்கிறது. ஆகவே, “உனக்கு ஆபத்து இருப்பதாகத் தோன்றினால், உன்னிடம் சொல்லிவிட்டு, உதவக்கூடிய ஒருவரிடம் பேசுவேன்” என்பதை முதல் கேள்விக்கு முன்பே அதற்குப் புரியும் சொற்களில் சொல்லிவிட வேண்டும். இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் வாயே திறக்காமல் போகலாம். ஆய்வுக்கு அது இழப்புதான். அந்த இழப்பை ஆய்வாளர்தான் தாங்க வேண்டும். அவள் முடிக்காமல் விட்ட வாக்கியத்தை உங்கள் நெறியாளரிடம் இன்றே சொல்லுங்கள்.

மறுமொழி 3 | ஆசிரியப் பயிற்றுநர்

“உன் வயதுப் பையன் ஒருவன் இரவில் சத்தம் கேட்டு விழித்துக்கொள்கிறான், அவன் என்ன செய்வான்?” என்பது போன்ற கதைச்சூழலைக் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பையனோடு நிறுத்திக்கொள்வதா, தன் கதைக்கு வருவதா என்பதைப் பிள்ளையே முடிவுசெய்யலாம். ஓவியத்தைப் பலர் பரிந்துரைப்பார்கள்; எனக்கு அதில் தயக்கம் உண்டு. சொல்ல நினைக்காததும் படத்தில் வந்துவிடும். ஆய்வில் சேர்க்கலாமா, வீட்டுக்கு எடுத்துச் செல்கிறாயா என்று கேட்காமல் அந்தத் தாளைத் தொடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இரகசியம் காப்பேன் என்று சொன்னேனே தவிர, அதன் எல்லையைச் சொல்லவில்லை. நெறியாளரிடம் இப்போதுதான் பேசினேன். அந்தச் சிறுமியின் பாதுகாப்பை உறுதிசெய்வதுதான் முதல் வேலை என்றார். அவளை மீண்டும் சந்தித்து, சொல்லாமல் விட்ட அந்த எல்லையைச் சொல்லி, நேர்காணலின் பதிவை வைத்திருக்கலாமா என்று கேட்கப் போகிறேன். அதுவரை அதை எழுத்தில் பெயர்க்கப் போவதில்லை.